தாழிக்குள் இருப்பவரிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி இது: "கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு முகம் கொடுத்திருக்கிறார்கள். எலும்பைப் பார்த்தே ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன சாப்பிட்டார், என்ன நோய் என்றெல்லாம் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு நம்பலாம்? இவ்வளவும் சொல்லத் தெரிந்தவர்கள், ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் இருந்தவர்கள் என்ன இனம் என்று கேட்டால் மட்டும் ஏன் பிடிகொடுக்காமல் பேசுகிறார்கள்?"

முதல் பாதிக்கு என் பதில்: சிலவற்றை அப்படியே நம்பலாம், சிலவற்றை ஒரு வரம்புக்குள் நம்பலாம், சிலவற்றைக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம். இரண்டாவது பாதிக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். யாரும் பிடிகொடுக்காமல் பேசவில்லை. எலும்பிடம் அந்தக் கேள்வியைத்தான் முதல் கேள்வியாக ஒரு நூற்றாண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். அதனால் கேட்டிருக்க வேண்டிய எத்தனையோ நல்ல கேள்விகள் கேட்கப்படாமலே போயின. எலும்பு ஒருவர் வாழ்ந்த விதத்தைச் சொல்லும். அதை விளக்கினால் இனக் கேள்விக்கான பதிலும் தானாக வந்து சேரும். ஆகவே குழியிலிருந்தே தொடங்குகிறேன்.

எலும்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. அது கிடக்கும் விதம்தான் முதல் சான்று. இறந்தவரை உள்ளே வைத்துப் புதைத்த பெரிய மண்பானைதான் தாழி. அப்படி ஒன்றைத் திறக்கிறோம். உள்ளே மண் நிரம்பியிருக்கிறது. மண்ணை மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் சிறிது சிறிதாக விலக்குகிறோம். இரும்புக் கருவி படக் கூடாது. இன்று விழுந்த கீறலை நாளை ஒருவர் வாள்வெட்டு என்று எழுதிவிடுவார். முழங்கால்கள் மார்போடு மடங்கி, கைவிரல் எலும்புகள் வரிசை கலையாமல், முதுகெலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தி இருந்தால், இறந்த உடலை அப்படியே உட்காரவைத்துப் புதைத்திருக்கிறார்கள். மண்டையோடும் தொடை எலும்பும் மட்டும் இருந்து, கை கால் விரல்களின் சிற்றெலும்புகள் இல்லையென்றால், உடல் வேறெங்கோ கிடந்து சதை போன பிறகு பொறுக்கி எடுத்து வைத்திருக்கலாம். 'இருக்கலாம்' என்கிறேன், ஏனென்றால் சிற்றெலும்புகள் முதலில் மக்குபவையும்கூட. கறையானும் வேரும் எலியும் எலும்பில் விடும் தடங்களைத் தெரிந்துகொள்ளாமல் இதில் வாய் திறக்கக் கூடாது. அதனால்தான் தாழிக்குள் இருக்கும் மண்ணை எலும்பளவுக்கே மதிக்கிறோம். எல்லாம் சல்லடைக்குப் போகும். காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர்தான். கவனமாகச் சலித்தால் அதுவும் கிடைக்கும்.

அடுத்தது தலைக்கணக்கு. இரண்டு வலது தொடை எலும்புகள் வந்தால் குறைந்தது இரண்டு பேர். இதைவிட எளிய கணக்கு கிடையாது, இதைவிட அடிக்கடி தவறவிடப்படும் கணக்கும் கிடையாது. புறநானூற்றின் 256-ஆம் பாட்டு நினைவிருக்கலாம். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு வெண்பல்லிபோலத் தலைவனோடு பல வழி கடந்து வந்தவள், அவன் இறந்ததும் கலம் செய்யும் குயவனிடம், எனக்கும் சேர்த்து ஈமத்தாழியை அகலமாக வனைந்து தா என்று கேட்கிறாள். ஒரே தாழியில் இரண்டு பேரின் எலும்புகள் வந்தால் நமக்கு அந்தப் பாட்டுத்தான் முதலில் மனத்தில் ஓடும். எனக்கும் ஓடும். ஆனால் எலும்பு சொல்லக்கூடியது, ஒருவர் ஆண், ஒருவர் பெண், இன்ன வயது, ஒரே சமயத்தில் வைத்தார்களா பிறகு திறந்து வைத்தார்களா என்பதுவரைதான். மரபணு கிடைத்தால் தாயும் மகனுமா, உடன்பிறந்தவர்களா என்றும் தெரியவரும். கணவன் மனைவி என்பதை எந்த எலும்பும் சொல்லாது.

ஆண், பெண் வேறுபாட்டுக்கு வருகிறேன். இதற்கு முதல் இடம் இடுப்பெலும்பு. பிள்ளைப்பேற்றுக்கு வழிவிட வேண்டியிருப்பதால் பெண்ணின் இடுப்பு அகன்றும் முன்புறக் கோணம் விரிந்தும் இருக்கும். இடுப்பெலும்பு முழுதாகக் கிடைத்தால் பழகிய கண் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொல்லும். மண்டையோடு மட்டும் என்றால் புருவ மேடு, காதுக்குப் பின்னுள்ள முனைப்பு, தாடையின் வலு ஆகியவற்றைப் பார்ப்போம். இதில் நம்பகம் குறையும், ஏனென்றால் ஓர் ஊரின் ஆண்களே இன்னோர் ஊரின் பெண்களைவிட மென்மையான மண்டையோடு உடையவர்களாக இருப்பது உண்டு. பருவம் எய்தாத குழந்தையின் எலும்பைப் பார்த்து ஆண், பெண் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அதற்கு மரபணுவோ பல்லெனாமலில் உள்ள புரதமோ வேண்டும்.

கூடவே புதைத்த பொருளைப் பார்த்து ஆண், பெண் என்று தீர்மானிப்பது பெரிய பொறி. சுவீடனில் பிர்கா என்ற இடத்தில் 1878-இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். வாள், கோடரி, அம்பு, ஈட்டி, கேடயம், இரண்டு குதிரைகள் எல்லாம் இருந்தன. வீரன் என்று எழுதினார்கள். நூறாண்டுக்கு அதுவே வைக்கிங் போர்வீரனின் மாதிரிக் கல்லறை. எலும்பைப் பார்த்தவர்கள் 1970-களிலேயே பெண்ணாக இருக்குமோ என்றார்கள், யாரும் காதில் வாங்கவில்லை. 2017-இல் மரபணு ஆய்வு பெண்தான் என்று உறுதி செய்தது. நம் ஊர்த் தாழிகளில் இரும்பு வாள் கிடந்தால் ஆண், மணி கிடந்தால் பெண் என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. எலும்பைப் பார்க்காமல் அப்படி எழுதியதைப் படிக்கும்போது அந்தப் பிர்காப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பொறுத்தவரை ஒரு விதி: இளமையில் துல்லியம், முதுமையில் மங்கல். குழந்தைகளின் பல் முளைக்கும் ஒழுங்கு ஊருக்கு ஊர் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே ஏழு வயதுக் குழந்தையை ஏழு என்றே, ஒரு வருடம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். பதின்பருவத்தில் நீளெலும்புகளின் முனைகள் தண்டோடு ஒட்டிக்கொள்ளும் வரிசை உதவும். காறை எலும்பு மார்போடு சேரும் முனைதான் கடைசியாக ஒட்டும், இருபதுகளின் பிற்பாதிவரைகூட ஆகும். அதன் பிறகு வளர்ச்சி நின்றுவிடுகிறது, தேய்மானம் மட்டும்தான். இடுப்பின் முன்னிணைப்பு, விலா எலும்பின் முனை, பல்லின் தேய்வு ஆகியவற்றை வைத்து மதிப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவரைப் பற்றி நேர்மையான அறிக்கை '50-க்கு மேல்' என்று மட்டும்தான் சொல்லும். அது 55-ஆகவும் இருக்கலாம், 80-ஆகவும் இருக்கலாம். 'பண்டைக்காலத்தில் எல்லோரும் முப்பது வயதில் இறந்தார்கள்' என்ற பேச்சு இந்த மங்கலிலிருந்தும், குழந்தை இறப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதிலிருந்தும் பிறந்தது. அந்தக் காலத்திலும் தாத்தா பாட்டிகள் இருந்தார்கள். எலும்பில் அவர்களைக் கண்டுபிடிப்பது கடினம், அவ்வளவே.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். வயது, உயரம், ஆண் பெண் வேறுபாடு ஆகியவற்றுக்கான அளவுகோல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேர்த்த எலும்புத் தொகுப்புகளிலிருந்து வந்தவை. தொடை எலும்பின் நீளத்தை வைத்து உயரம் கணிக்கும் வாய்ப்பாடுகளில் மிகுதியாகப் பயன்படுவது, இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் இறந்த அமெரிக்கப் படைவீரர்களை அளந்து 1950-களில் எடுத்தது. அதை நம் ஊர் எலும்புக்குப் போட்டால் சில சென்டிமீட்டர் பிசகும். இதே காலத்தில் உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் தொங்கிய எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவை. 1985-இல்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. நம் எலும்பைப் பார்த்து உலகம் உடற்கூறு படித்தது. வயதும் பெயரும் பதிவான ஒரு நல்ல ஒப்பீட்டுத் தொகுப்பு நமக்கென்று போதிய அளவில் அமையவில்லை.

நோய் பற்றிப் பேசும் பகுதிதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் நெருக்கமானது. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குப் பக்கம் பாலாத்தல் என்ற ஊர். அங்கே ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய நடுத்தர வயது ஆண் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. மூக்குத் துளையின் ஓரம் அரித்து வட்டமாகியிருந்தது, மேல்தாடையின் முன்பகுதி கரைந்திருந்தது. தொழுநோய். 2009-இல் வெளியான அந்த ஆய்வு, உலகில் அந்த நோய்க்கு எலும்பில் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக அதை நிறுத்தியது. கல்லால் கட்டிய அடைப்பு ஒன்றுக்குள், எரித்த சாணச் சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே அவரைப் புதைத்திருந்தார்கள். அது மரியாதையா, அச்சமா, இரண்டுமா என்று எலும்பு சொல்லாது. ஆனால் முகம் அவ்வளவு சிதையும்வரை அவர் உயிரோடு இருந்திருக்கிறார். தொழுநோய் எலும்பைத் தொடுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

வியட்நாமின் வடக்கே மான் பாக் என்ற இடத்தில் இன்னொருவர், அவரும் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தையவர். கழுத்து முள்ளெலும்புகள் பிறவியிலேயே ஒட்டிப்போன நோய். பதின்பருவத்தில் கால்கள் முழுதும் செயலிழந்தன, கைகளும் பெரும்பாலும் உதவவில்லை. எலும்புகள் பயன்படாமல் குச்சிபோல் மெலிந்திருக்கின்றன. இருந்தும் அதன் பிறகு ஏறத்தாழப் பத்தாண்டு வாழ்ந்திருக்கிறார். யாரோ தினமும் ஊட்டியிருக்கிறார்கள், கழுவிவிட்டிருக்கிறார்கள், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்திருக்கிறார்கள். எழுத்தில்லாத ஒரு மீனவ, வேட்டைச் சமூகத்தின் அன்றாட அன்பைப் பற்றிய செய்தி ஒருவருடைய மெலிந்த தொடை எலும்பில் வந்து சேர்ந்திருக்கிறது. அரசர்களின் கல்வெட்டுகளில் இதைத் தேடினால் கிடைக்காது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 1992-இல் சில ஆய்வாளர்கள் அதைத் தெளிவாக எழுதிக்காட்டிய பிறகு எங்கள் படிப்பின் தலையெழுத்தே மாறியது. எலும்பில் நோயின் தடம் பதிய வேண்டுமானால் ஆள் அந்த நோயோடு கொஞ்சகாலம் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். காலரா மூன்று நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும், எலும்பில் ஒன்றும் இருக்காது. ஆகவே இடுகாட்டில் பளபளவென்று மாசில்லாமல் இருக்கும் எலும்பு நல்ல ஆரோக்கியத்தில் இருந்தவருடையதாக இருக்கலாம், முதல் காய்ச்சலிலேயே விழுந்தவருடையதாகவும் இருக்கலாம். கண்குழியின் கூரையில் சோகையின் துளைகளும், பல்லில் பஞ்ச காலத்துக் கோடுகளும் உள்ளவர் பல இடர்களைத் தாண்டியவராக இருக்கலாம். ஓர் ஊரில் நோய்த் தடம் அதிகம் என்பதைப் பார்த்து அவர்கள் நலிந்த மக்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பல்லெனாமலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எனாமல் ஒருமுறை அமைந்தால் அவ்வளவுதான். முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறந்ததிலிருந்து மூன்று வயதுக்குள் அமைந்துவிடும், ஞானப்பல்லின் எனாமல் பதின்பருவத்தில் முடியும். அந்த வயதுகளில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சலோ பட்டினியோ வந்தால் எனாமல் அமைவது தடைப்பட்டுக் குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழும். புணேயின் தெக்கன் கல்லூரி 1968 முதல் 1983 வரை தோண்டிய இனாம்காவ் கிராமத்தின் குழந்தைப் பற்களில் இப்படிப்பட்ட தடங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஊரில் இறந்த குழந்தைகளை இரண்டு பானைகளை வாயோடு வாய் பொருத்தி, அதற்குள் வைத்து, வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். பெரியவர்களைப் படுக்கவைத்து, கணுக்காலுக்குக் கீழே பாதத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதைத்திருக்கிறார்கள். ஏன் என்று எத்தனையோ ஊகங்கள் உண்டு. பிள்ளை வீட்டைவிட்டுப் போய்விடக் கூடாது என்று நினைத்தார்களோ என்று, அந்த வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். இது ஆய்வு முடிவு இல்லை, என் நினைப்பு.

என்ன சாப்பிட்டார்கள் என்ற கேள்விக்கு விடை வேதியியலில் இருக்கிறது. கார்பனில் எடை குறைந்தது, கூடியது என்று இரண்டு நிலையான வகைகள் உண்டு. நெல், கோதுமை, பயறு ஒரு விதத்தில் ஒளிச்சேர்க்கை செய்பவை. கம்பு, கேழ்வரகு, சோளம், சாமை, தினை, வரகு இன்னொரு விதம். இரண்டு கூட்டத்திலும் அந்தக் கார்பன் விகிதம் வேறு. சாப்பிட்டவரின் எலும்பிலும் பல்லிலும் அந்த வேறுபாடு அப்படியே தங்கும். சோறு தின்றவரையும் களி தின்றவரையும் பிரித்துச் சொல்ல முடியும் என்பது தமிழ்நாட்டு வரலாற்றுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். நெற்றியில் தங்கப் பட்டத்தோடு புதைத்தவரும் வெறுங்கையோடு புதைத்தவரும் ஒரே உணவைத்தான் உண்டார்களா என்று கேட்கலாம். நைட்ரஜன், மீனும் இறைச்சியும் எவ்வளவு என்பதற்குக் குறிப்புத் தரும். ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் நிலத்தடிப் பாறையிலிருந்து தண்ணீர், பயிர் வழியாகப் பல்லுக்கு வருவது. ஞானப்பல்லும் முதல் கடைவாய்ப்பல்லும் வேறு வேறு பாறையைக் காட்டினால், அவர் குழந்தைப் பருவத்துக்குப் பின் இடம் மாறியவர்.

இலங்கையில் இப்படி ஒரு வேலை அழகாக நடந்திருக்கிறது. பாகியன்கல, பட்டதொம்பலென முதலான குகைகளில் கிடைத்த பழங்கற்கால மக்களின் பல்லெனாமலை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மக்கள் குறைந்தது 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பெரும்பாலும் மழைக்காட்டின் உணவை நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். அடர்ந்த மழைக்காட்டில் வேட்டையாடிப் பிழைப்பது பழங்கால மனிதனுக்கு இயலாது என்று அதுவரை பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கம் சிக்கல் என்னவென்றால் வெப்பமும் ஈரமும். எலும்பின் புரதமான கொலாஜன் செம்மண்ணிலும் அமிலத் தன்மையுள்ள மண்ணிலும் விரைவாகக் கரைந்துவிடும். கொலாஜன் போனால் எலும்பை நேரடியாகக் காலக்கணிப்பு செய்ய முடியாது, மரபணுவும் பெரும்பாலும் போய்விடும். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 61 மாதிரிகளை முயன்று பார்த்தார்கள். ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான், அதுவும் பலமுறை முயன்ற பிறகு, பயன்படக்கூடிய மரபணு கிடைத்தது. 2019-இல் வெளியானது அது. உள்காதைச் சுற்றியுள்ள கடினமான எலும்புதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. உடம்பிலேயே மிகக் கெட்டியான இடங்களில் ஒன்று. அதைத் துளையிட்டால் அந்தப் பகுதி திரும்பி வராது. எனவே எத்தனை மாதிரி, யார் அனுமதியோடு, எந்தக் கேள்விக்காக என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

மரபணுவும் காலக்கணிப்பும் சேர்ந்தால் கதைகள் எப்படித் தலைகீழாகும் என்பதற்கு ரூப்குண்ட் ஒன்று போதும். இமயமலையில் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரி, கரையெங்கும் மனித எலும்பு. ஒரே யாத்திரைக் கூட்டம் ஒரே ஆலங்கட்டி மழையில் மாண்டது என்று நம்பியிருந்தார்கள். 38 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டதில், 23 பேர் தெற்காசியர்கள், கி.பி. 800-ஐ ஒட்டியவர்கள். 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்தவர்களின் மரபு உடையவர்கள், அவர்கள் இறந்தது கி.பி. 1800-ஐ ஒட்டி. நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி. அந்த 14 பேர் அங்கே ஏன் வந்தார்கள் என்பதற்கு விடையில்லை. விடை இல்லாத இடத்தில் நிறுத்திக்கொண்ட அந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

நிறுத்திக்கொள்ளாததால் வந்த வினைக்கு மொகஞ்சதாரோ சாட்சி. 1920-களில் தோண்டியபோது தெருக்களிலும் அறைகளிலும் முறையாகப் புதைக்கப்படாத முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 1947-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், வந்தேறிய ஆரியர்களின் படுகொலை இது என்று எழுதினார், இந்திரன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான் என்றும் எழுதினார். அந்த வாக்கியம் பாடப்புத்தகங்களுக்கும் மேடைகளுக்கும் போனது. தமிழ் மேடைகளுக்கும்தான். 1964-இல் இன்னொரு தொல்லியலாளரான ஜார்ஜ் டேல்ஸ் குழிப் பதிவுகளைத் திரும்பப் படித்தார். எலும்புகள் வேறு வேறு மண்ணடுக்கில், வேறு வேறு காலத்தில். ஒன்றுகூட மேல்நகரக் கோட்டையில் இல்லை, முற்றுகையின் தடமில்லை. பிறகு எலும்பு ஆய்வாளர் கென்னத் கென்னடி எலும்புகளையே எடுத்துப் பார்த்தார். வெட்டு என்று எழுதியிருந்தவற்றில் பெரும்பாலானவை மண்ணில் கிடந்து ஏற்பட்ட விரிசலும் அரிப்பும். ஒருவருக்கு வெட்டுக்காயம் ஆறத் தொடங்கியிருந்தது, அதாவது அந்த வெட்டில் அவர் சாகவில்லை. உயிருள்ள எலும்பு பச்சைக் குச்சிபோல் உடையும், உலர்ந்த எலும்பு பழஞ்சட்டிபோல் உடையும். விளிம்பின் நிறமும் கோணமும் வேறு. ஆறத் தொடங்கினால் விளிம்பு மழுங்கும். இவ்வளவு எளிய சோதனையை யாரும் செய்யாமல் இருந்த காலத்துக்குள் ஒரு கதை இரண்டு தலைமுறையின் மனத்தில் குடியேறிவிட்டது.

இப்போது ஆதிச்சநல்லூருக்கு வருகிறேன். தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரம்பு. 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-க்கும் 1905-க்கும் இடையில் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்கப் பட்டம், வெண்கல உருவங்கள், இரும்பு வாள், ஈட்டி என்று ஆயிரக்கணக்கில் பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அப்போது அந்த அருங்காட்சியகத்தின் தலைவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை மாகாணமெங்கும் உயிரோடிருந்த மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளவுகோலால் அளந்து சாதிக்குச் சாதி பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர். உயிரோடிருப்பவரையே மூக்கின் அகலத்தை வைத்து வகைப்படுத்திய அந்தக் காலம், தாழியிலிருந்த மண்டையோட்டை மட்டும் வேறு எப்படிப் பார்த்திருக்கும்? ரீ சேர்த்தவற்றில் நல்ல நிலையிலிருந்த மண்டையோடுகளை அளந்து 1930-இல் உடற்கூற்றியலாளர் சாலி சுக்கர்மன் எழுதினார். அதன் பின் பல பத்தாண்டுகள் 'ஆதி ஆஸ்திரலாய்டு', 'மத்தியதரைக்கடல் வகை' என்ற இனச் சொற்களே அந்த மண்டையோடுகளின் பெயராகிவிட்டன. கைப்பிடியளவு மண்டையோடுகளிலிருந்து ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றை எழுதினார்கள்.

இதில் இருந்த அடிப்படைப் பிழை அப்போதே வெளிவந்திருந்தது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களையும் அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 18,000 பேரின் தலையை அளந்த ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர், ஒரே தலைமுறையில் தலை வடிவம் மாறுகிறது என்று 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று பின்னாளில் விவாதம் நடந்தது. ஆனாலும் தலை வடிவம் அசையாத முத்திரை என்ற நம்பிக்கை உடைந்துபோனது. உணவு, மெல்லுதல், குழந்தையைப் படுக்கவைக்கும் விதம், வெப்பநிலை எல்லாம் மண்டையோட்டைத் தொடுகின்றன. மரபணு காட்டுவதும் இதையே: மனித வேறுபாடு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாயல் சாயலாக மாறிக்கொண்டு போகிறது, ஐந்தாறு பெட்டிகளாகப் பிரிந்து கிடக்கவில்லை. ஒரு துறைமுக ஆற்றங்கரையில் பல சாயலுள்ள மண்டையோடுகள் கிடைத்தால் அங்கே பல 'இனங்கள்' குடியிருந்தன என்று பொருளாகாது. இன்றைக்குத் தூத்துக்குடிப் பேருந்து நிலையத்தில் ஏறும் நாற்பது பேரை அளந்தாலும் அதே பட்டியல் வரும்.

2004, 2005-இல் சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அந்த எலும்புகளிடம் கேட்க வேண்டியவை எத்தனை! அவர்களின் பல் எந்தப் பாறையில் வளர்ந்தது? செம்பும் இரும்பும் உருக்கியவரின் தோள் எலும்பில் தசை பிடித்த மேடு எப்படி இருக்கிறது? முத்துக் குளிப்பவர் அவர்களில் இருந்தாரா? குளிர்ந்த நீரில் காலமெல்லாம் மூழ்குபவரின் காதுத் துளையில் எலும்பு முண்டு வளரும். கொற்கைக்குப் பக்கத்து ஊரில் வெதுவெதுப்பான கடல் என்பதால் அது வளராமலும் இருக்கலாம், ஆனாலும் பார்க்க வேண்டும். இந்தக் கேள்விகளை விட்டுவிட்டு 'இவர்கள் என்ன இனம்' என்று செய்தித்தாள் கேட்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கிறது.

கொந்தகை முகங்களைப் பற்றி. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகமும் சேர்ந்து செய்து 2025-இல் வெளியிட்டவை அவை. மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் எடுத்து, அதன்மேல் தசைகளைப் பொருத்தி, எந்த இடத்தில் எவ்வளவு சதை இருக்கும் என்ற சராசரி அளவைக்கொண்டு தோல் போர்த்துவார்கள். முகத்தின் அகலம், கண்ணின் இடம், மூக்கின் பொது அமைப்பு, பல்லின் வரிசை ஆகியவற்றை நம்பலாம். காது, உதட்டின் தடிப்பு, முடி, தோல் நிறம் ஆகியவை இன்றைய மக்களைப் பார்த்து எடுத்த முடிவுகள். மரபணு முழுமையாகக் கிடைத்தால் நிறம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம். அந்த முகம் நல்ல மதிப்பீடு. புகைப்படமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் 'எங்க மாமா மாதிரியே இருக்கார்' என்று சொன்ன பையனை நான் திருத்தவில்லை. எலும்புக்கூடு என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன் அன்றைக்குத்தான் 'இருக்கார்' என்றான்.

அந்த 'இருக்கார்' முக்கியம். அளப்பதற்கென்று எடுத்துச் சென்ற தலைகள் இன்னும் பல நாட்டு அருங்காட்சியக அலமாரிகளில் இருக்கின்றன. எடின்பரோ பல்கலைக்கழகம் இலங்கையின் வேடர் மக்களின் ஒன்பது மண்டையோடுகளை 2019-இல் அவர்களின் தலைவரிடமே திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவில் 1990-இலேயே இதற்குச் சட்டம் வந்தது. கென்னவிக் என்ற இடத்தில் 1996-இல் கிடைத்த ஏறத்தாழ 9,000 ஆண்டு பழமையான மனிதரை, மரபணு உறுதி செய்த பிறகு, 2017-இல் அங்குள்ள பழங்குடிகள் தங்கள் முறைப்படி மண்ணில் வைத்தார்கள். நாம் தோண்டிய எலும்புகளுக்கு இப்படி ஒரு முறைமை இன்னும் தெளிவாக வகுக்கவில்லை. நான் பார்த்த ஒரு கிடங்கில், தாழி எண் எழுதிய சீட்டை எலி கடித்துப்போன பெட்டிகள் வரிசையாக இருந்தன. உள்ளே எலும்புகள் நன்றாகவே இருந்தன. எந்தக் குழி, எந்த ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்பது போய்விட்டதால் அவற்றை வைத்து இனி எதுவும் சொல்ல முடியாது. மூவாயிரம் ஆண்டு மண்ணுக்குள் தப்பியது, நம் கையில் இருபது ஆண்டு தப்பவில்லை.

நீங்கள் தாழிகள் கிடைக்கும் பகுதியில் இருப்பவர் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிணறு வெட்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போதோ தாழி தட்டுப்பட்டால், அல்லது வெறும் எலும்பு வந்தால், வேலையை நிறுத்திவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ உடனே சொல்லுங்கள். பழையது என்று தெளிவாகத் தெரியாத மனித எலும்பு என்றால் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ மண்வெட்டியோ வைத்து நாலு படம் எடுங்கள். தங்கம் இருக்குமோ என்று உள்ளே கைவிட்டுத் துழாவ யாரையும் விடாதீர்கள், எலும்பைக் கழுவாதீர்கள். தாழி ஏற்கெனவே உடைந்து மண் வெளியே கொட்டியிருந்தால் அந்த மண்ணை அள்ளி எறியாமல் ஒரு சாக்கில் கட்டி, எந்த இடத்தில் கிடந்தது என்று எழுதிச் சாக்குக்குள் போட்டுவையுங்கள். குழந்தைப் பற்கள் பெரும்பாலும் அந்த மண்ணில்தான் இருக்கும்.